இலவசத் திரையும் இல்லாத பட்டியலும்

கட்டணமில்லா ஓடிடி தளங்களைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளுள் மிகவும் பழகிப்போனது, ‘பார்ப்பதற்கு ஒன்றுமில்லை’ என்பது. ஆயிரக்கணக்கான மணி நேரக் காட்சிகளைக் கொண்ட ஒரு தளத்தைத் திறந்து, கால் மணி நேரம் படவரிசைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, எதையும் தேர்ந்தெடுக்காமல் தொலைக்காட்சியை அணைப்பவர் சொல்லும் சொல் அது. இதைச் சரக்குப் பற்றாக்குறை என்றே தளங்களை நடத்துவோர் பொருள் கொள்கின்றனர். ஆகவே மேலும் சில நூறு படங்களும் தொடர்களும் சேர்க்கப்படுகின்றன. தேடும் நேரம் கால் மணியிலிருந்து அரை மணியாக நீள்கிறது. குறை பெரும்பாலும் சரக்கில் இல்லை, அதன் பட்டியலில் இருக்கிறது.

இந்தியாவில் இன்று கட்டணமின்றிப் பார்க்கக் கிடைப்பவை கொஞ்சமல்ல. 2024 நவம்பர் 20 அன்று கோவாவில் சர்வதேசத் திரைப்பட விழாவின் தொடக்க நாளில், பிரசார் பாரதி தன் ‘வேவ்ஸ்’ தளத்தைத் தொடங்கியது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் நேரலை அலைவரிசைகளும் தூர்தர்ஷனின் பழைய தொடர்களும் வானொலியும் அதில் ஒருசேர வைக்கப்பட்டுள்ளன. 1948இல் நிறுவப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த ஆவணப்படங்களும் செய்திப்படங்களும் ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் கணிசமானவை யூடியூபில் உள்ளன. பிரசார் பாரதி ஆவணக் காப்பகம் அங்கேயே தனி அலைவரிசை நடத்துகிறது. இவை போக, விளம்பர வருவாயால் இயங்கும் தனியார் தளங்களும், ஸ்மார்ட் டிவி தயாரிப்பாளர்கள் தம் பெட்டியோடு சேர்த்தே வழங்கும் இலவச அலைவரிசைத் தொகுப்புகளும் உள்ளன. இவ்வளவு இருந்தும் பார்வையாளர் வெறுங்கையோடு திரும்புவது ஏன் என்பதே கேள்வி.

தனியார் தளங்களைப் பொறுத்தவரை விடை எளிது. விளம்பரத்தால் வாழும் தளத்திற்கு விற்பனைப் பொருள் படம் அன்று; பார்வையாளர் திரையின் முன் செலவிடும் நேரம். வேண்டியதை உடனே எடுத்துக்கொண்டு போகும் பார்வையாளரைவிட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிடுபவரே அதற்கு ஆதாயம். அத்தளத்தின் முகப்பு கடைவீதிக் கண்ணாடிப் பெட்டியைப் போன்றது. அதில் எது முன்னே நிற்க வேண்டும் என்பதை வணிகக் கணக்கு முடிவு செய்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியும் இதற்கு விலக்கன்று. தொலையியக்கியில் ஒரு செயலியின் பெயரைத் தாங்கி நிற்கும் பொத்தானும், திரையின் முதல் வரிசையில் அச்செயலிக்குக் கிடைக்கும் இடமும் பணத்திற்கு விற்கப்படுபவை. பெட்டியை வாங்கியவர் அதன் முகப்பையும் தானே வாங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்.

இதில் தனியாரைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் தம் தொழிலைச் செய்கின்றனர். பொதுமக்கள் பணத்தில் உருவான காட்சிகளை வைத்திருக்கும் பொதுத்துறை அமைப்புகளும் அதே முகப்பு முறையைக் கடன் வாங்கிக்கொண்டு, அதுவே நவீனம் என நம்புவதுதான் கவலைக்குரியது. ‘பிரபலமானவை’, ‘புதியவை’, ‘உங்களுக்காக’ என்ற வரிசைகள் வணிகத் தளத்தின் தேவையிலிருந்து பிறந்தவை. பொது நிறுவனம் பார்க்க வேண்டிய முன்மாதிரி வேறிடத்தில் இருக்கிறது: நூலகத்தில்.

அந்த முன்மாதிரியை உலகுக்கு வகுத்துக் கொடுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல் பயன்படுவதற்காகவே உள்ளது என்பதில் தொடங்கும் அவ்விதிகளுள் இரண்டு இங்கே முக்கியமானவை. நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது ஒன்று. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது மற்றொன்று. பின்னதை இன்றைய விளம்பரத் தளத்தின் அருகில் வைத்துப் பார்த்தால், இரண்டும் நேரெதிர்த் திசைகளில் செல்வது புலப்படும். நூலகம் வாசகரின் நேரத்தைச் சேமிக்க முயல்கிறது. விளம்பரத் தளம் அதே நேரத்தைச் செலவழிக்க வைக்க முயல்கிறது. பொதுத் தளம் இவற்றுள் எதைச் சார்ந்தது என்பதைத் தெளிவாக முடிவு செய்தாக வேண்டும்.

ரங்கநாதனின் விதிகள் வெறும் அறவுரைகளாக நின்றுவிடவில்லை. அவற்றைச் செயலாக்கும் கருவியையும் அவர் செய்தார். 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே அலமாரிப் பெயருக்குள் அடைப்பதில்லை. அந்நூல் எதைப் பற்றியது, அதில் நிகழும் செயல் என்ன, இடம் எது, காலம் எது எனப் பல முகங்களிலிருந்தும் அதை அடையாளப்படுத்துகிறது. எந்த முகத்தின் வழியே தேடி வருபவரும் அதைக் கண்டடையலாம். நூலைவிடத் திரைப்படத்திற்கே இம்முறை கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஏனெனில் படத்தின் பெயர் அதன் உள்ளடக்கத்தைச் சொல்வது அரிது.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். எஸ். என். எஸ். சாஸ்திரி 1967இல் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த ‘ஐ ஆம் ட்வென்டி’ என்ற குறும்படம், விடுதலை பெற்ற ஆண்டில் பிறந்து இருபது வயதை எட்டிய இளைஞர்களிடம் நாட்டைப் பற்றிய எண்ணங்களைக் கேட்டுத் தொகுத்தது. நேருவுக்குப் பிந்தைய இந்தியாவின் மனநிலையை ஆராயும் மாணவருக்கு அது அரிய சான்று. ஆயினும் ‘விடுதலை’ என்றோ ‘இளைஞர்’ என்றோ ‘வேலைவாய்ப்பு’ என்றோ தேடுபவருக்கு அந்தத் தலைப்பு எந்தத் துப்பும் தருவதில்லை. அதே ஆண்டில் ஓவியர் எம். எஃப். உசேன் எடுத்த ‘த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்ட்டர்’ பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்திற்கான தங்கக் கரடி விருதை வென்றது. அது முழுக்க ராஜஸ்தானின் காட்சிகளால் ஆனது. பெரும்பகுதி சொற்களின்றி நகர்வது. தலைப்பில் ராஜஸ்தானும் இல்லை, உசேனும் இல்லை. இடம், இயக்குநர், ஆண்டு, பொருள் ஆகிய விவரங்கள் தனித்தனியாகப் பதியப்படாவிட்டால், முன்பே அப்படத்தை அறிந்தவர் மட்டுமே அதைக் கண்டடைவார். ஏற்கெனவே தெரிந்தவர்க்கு மட்டும் திறக்கும் கதவைப் பொதுவாசல் என்று சொல்ல முடியாது.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் ‘வயலும் வாழ்வும்’ போன்ற நிகழ்ச்சியின் பதிவு ஒன்றைத் தொடரின் பெயரையும் பகுதி எண்ணையும் மட்டும் இட்டு இணையத்தில் ஏற்றினால் என்ன நேரும்? அப்பகுதியில் பேசப்பட்ட நெல் வகை, படமெடுக்கப்பட்ட ஊர், பேசிய விவசாயி, ஒளிபரப்பான நாள் ஆகிய அனைத்தும் காட்சிக்குள்ளேயே புதைந்து கிடக்கும். வேளாண் வரலாற்று மாணவருக்கு அந்தப் பதிவு இருந்தும் இல்லாததே.

மொழியும் ஒரு தடையாக வந்து நிற்கிறது. தமிழ்ப் படங்களின் பெயர்களை ரோமன் எழுத்தில் மட்டும் பதியும் வழக்கம் பல தளங்களில் உள்ளது. ‘தில்லானா மோகனாம்பாள்’ என்ற ஒரே பெயரை அவ்வெழுத்தில் நான்கைந்து விதமாக எழுத முடியும். ழகரம் வந்தால் வடிவங்கள் மேலும் பெருகும். தமிழில் தட்டச்சு செய்து தேடுபவர் எந்த விடையும் பெறாமல் திரும்பும்போது, தளத்தில் தமிழ்ப் படங்களே இல்லை என்று முடிவுக்கு வருகிறார். மூல எழுத்தில் ஒரு முறையும், மாற்று எழுத்துக்கூட்டல்களில் சில முறையும் பெயரைப் பதிவது பெரிய தொழில்நுட்பச் சாதனை அன்று. நூலகப் பட்டியல்களில் நீண்ட காலமாக நடைமுறையில் இருக்கும் ‘காண்க’ குறிப்பின் வேறு வடிவம்தான் அது.

பரிந்துரை நிரல்கள் இவ்வளவையும் தாமே செய்துவிடும் என்ற வாதம் எழுவதுண்டு. அந்நிரல்கள் பெரிதும் முந்தைய பார்வைகளின் தரவைக் கொண்டே இயங்குகின்றன. பலர் பார்த்தது மேலும் பலருக்குக் காட்டப்படுகிறது. எவரும் பார்க்காதது எவருக்கும் காட்டப்படுவதில்லை. ஆவணக் காப்பகத்தின் இயல்போ அதில் பெரும்பகுதி எவராலும் பார்க்கப்படாமல் இருப்பது. அங்கே நிரலை மட்டும் நம்பினால், மறக்கப்பட்டது மேலும் ஆழமாக மறக்கப்படும். 2020 மார்ச் இறுதியில், ஊரடங்கின்போது, தூர்தர்ஷன் ‘ராமாயண்’ தொடரை மறு ஒளிபரப்புச் செய்தபோது அதற்கு மிகப் பெரும் பார்வையாளர் கூட்டம் திரண்டது. அது புதிய சரக்கு அன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய தொடர். ஊரடங்கு கூட்டிய ஓய்வு ஒரு காரணம் என்றாலும், ஒரு நிறுவனம் அதை எடுத்துக் கண்முன் வைத்ததும் காரணமே. எதைக் கண்முன் வைப்பது என்பது எப்போதும் ஒரு தேர்வு. புகழ்பெற்ற தொடருக்குக் கிடைக்கும் அத்தேர்வு, பெயர் தெரியாத ஆவணப்படத்திற்கும் தேடலின் வழியேனும் கிடைக்க வேண்டும்.

பொது ஒளிபரப்பைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்திற்குப் புதிய எண்ணமும் அன்று. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, தூர்தர்ஷன் அலைவரிசைகளை மறு ஒளிபரப்பும் கடமையைக் கேபிள் நடத்துநர்மீது சுமத்தியது. பின்னர் வந்த திருத்தம், அவற்றை முதன்மை அலைவரிசைப் பகுதியில் வைக்க வேண்டும் என்றும் கூறியது. கேபிள் கம்பியில் இடம் எவ்வளவு முக்கியம் என்பதை அன்று நாடாளுமன்றம் உணர்ந்திருந்தது. பிரிட்டன் 2024ஆம் ஆண்டின் ஊடகச் சட்டத்தின் வழியே அதே எண்ணத்தை ஸ்மார்ட் டிவி முகப்பு வரை நீட்டியிருக்கிறது. பொதுச்சேவை ஒளிபரப்பாளர்களின் செயலிகள் அங்கே எளிதில் கண்ணில் பட வேண்டும் என்கிறது. இந்தியாவிலும் இவ்விவாதம் தொடங்கப்பட வேண்டும். ஆயினும் முகப்பில் இடம் பெற்றுவிட்டு உள்ளே பட்டியல் இல்லாமல் இருப்பது, கடைத்தெருவில் கதவைத் திறந்துவைத்து உள்ளே விளக்கேற்றாமல் இருப்பதைப் போன்றது.

களைத்து வீடு திரும்பும் மனிதருக்கு இவ்வளவு நுணுக்கமான பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓய்வுக்காகப் பார்ப்பவர் ஆய்வாளரைப் போலத் தேடுவதில்லை. ஆனால் அவருக்கும் சின்னஞ்சிறு தேவைகள் உண்டு: இருபது நிமிடத்திற்குள் முடிவது, குழந்தைகளோடு பார்க்கத்தக்கது, தமிழ்த் துணையுரை உள்ளது, தம் ஊரைப் பற்றியது. இவை ஒவ்வொன்றும் பட்டியலில் ஒரு களம். ஆய்வாளருக்காகப் பதியப்படும் விவரமே பொதுப் பார்வையாளருக்கும் வழி காட்டுகிறது.

செலவு பற்றிய தடையும் சொல்லப்படும். தேசியத் திரைப்பட மரபு இயக்கத்தின் கீழ் ஏறத்தாழ 2,200 படங்களைச் சீரமைக்க 363 கோடி ரூபாய் ஒதுக்கப்படுவதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. அழியும் சுருள்களைக் காப்பது தேவையான பணியே. சீரமைத்த படம் கண்டடையப்படாமல் கிடந்தால் அச்செலவின் பயன் பாதியில் நின்றுவிடும் என்பதையும் கருத வேண்டும். பட்டியல் சரியாக இருந்தால்தான் உரிமையும் தெளிவாகும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960இல் வெளியான படத்தின் உரிமைக் காலம் 2020 முடிவோடு நிறைவடைந்துவிட்டது. கதை, பாடல் ஆகியவற்றின் தனி உரிமைகள் வேறு கணக்கு. வெளியான ஆண்டே தவறாகவோ இல்லாமலோ இருக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு, எந்தப் படத்தை மக்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று எவர் சொல்ல முடியும்?

இங்கே பல்கலைக்கழகங்களுக்கும் பொறுப்பு உண்டு. நூலக அறிவியல், ஊடகவியல், வரலாறு, மொழியியல் துறைகளில் ஆண்டுதோறும் மாணவர்கள் திட்டக்கட்டுரைகள் எழுதுகின்றனர். பத்து ஆவணப்படங்களைப் பார்த்து, இடம், காலம், பொருள், பேசுவோர், மொழி ஆகியவற்றை முறையாகப் பதிவது ஒரு திட்டப்பணிக்குத் தகுதியானது. வழிகாட்டியின் மேற்பார்வையும் அதற்குக் கிடைக்கும். பொது நிறுவனங்கள் தம் பங்கிற்கு மூன்றைச் செய்தால் போதும்: ஒவ்வொரு காட்சிக்கும் மாறாத அடையாள எண் தருவது, பட்டியலை எவரும் தரவிறக்கும் வடிவில் திறந்துவைப்பது, வெளியிலிருந்து வரும் திருத்தங்களைச் சரிபார்த்து ஏற்கும் முறையை உருவாக்குவது. முதலாவது இல்லாமல் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டவும் இயலாது. இன்று இருக்கும் இணைப்பு நாளை மறைந்துபோனால், அடிக்குறிப்பு எதையும் சுட்டாத விரலாகிவிடும்.

புணேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திற்கு நேரில் செல்லும் வசதி நாட்டின் மாணவர்களுள் மிகச் சிலருக்கே உண்டு. மாவட்டத் தலைநகர்க் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்குக் கைப்பேசியே காப்பகம். அக்கைப்பேசியின் திரையில் கட்டணம் கேட்கப்படாதது நல்ல தொடக்கம். தன் ஊரின் பெயரைத் தமிழில் எழுதி அவர் தேடும்போது, அவ்வூரில் அறுபது ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு காட்சி இருந்தால் அது கிடைக்க வேண்டும். இலவசம் என்ற சொல்லுக்குப் பொது நிறுவனம் தர வேண்டிய பொருள் அதுவே.