க்ரீம் என்று எழுதினால் க்ரீம் ஆகிவிடுமா?

இப்போது கடைக்குப் போனால் சோயா க்ரீம், ஓட்ஸ் க்ரீம், 'நான்-டெய்ரி' விப்பிங் க்ரீம் என்று அட்டைப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. 'தாவரத்திலிருந்து' என்ற ஒரு சொல்லை நம்பியே பலர் வாங்கிப் போகிறார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களையோ, மாட்டுப்பால் வேண்டாம் என்று கொள்கையாக விட்டவர்களையோ நான் குறை சொல்லவில்லை. அவர்களை ஏமாற்றும் வியாபாரத்தைத்தான் சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சில் 'க்ரெம்' என்று போட்டு விற்க வேண்டுமானால் 100 கிராமில் குறைந்தது 30 கிராம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். தாவரப் பொருளைப் பால், க்ரீம், வெண்ணெய் என்ற பெயரில் விற்கக் கூடாது என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நெடுநாள் வழக்கில் இருந்த சில பெயர்களுக்கு மட்டும் விலக்கு. அதில் ஒன்று 'லே த கொக்கோ', நம்முடைய தேங்காய்ப்பால்!

கேக்கின் மேல் வெள்ளை வெளேரென்று பூசுகிறார்களே, அந்த 'நான்-டெய்ரி' க்ரீமின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஹைட்ரஜன் ஏற்றிய பனைக்கொட்டை எண்ணெய், சர்க்கரை, தண்ணீர், அது பிரியாமல் இருக்கச் சில ரசாயனங்கள். இதைவிடக் கொடுமை, பல பெட்டிகளில் 'சோடியம் கேசினேட்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். முன்பக்கம் 'பால் இல்லை', பின்பக்கம் பால். பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும்?

தாவரப் பால் என்பதே புதுக் கண்டுபிடிப்பு என்கிறார்கள். அதுவும் பொய். 14-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சமையல் நூலான 'லெ வியாந்தியே'யிலேயே பாதாம்பால் வருகிறது. கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில் மாட்டுப்பால் கூடாது என்பதால் பாதாமை அரைத்துப் பிழிந்தார்கள். நாம் தேங்காயைத் துருவிப் பிழிந்தோம். இருவருக்கும் அட்டைப் பெட்டி தேவைப்படவில்லை.

க்ரீமுக்கு பதில் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பூசணி சூப்போ மீன் குழம்போ, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலை ஊற்றுங்கள். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். குருமாவுக்குப் பத்து முந்திரியை அரை மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்துச் சேருங்கள். ஓட்டலில் ஊற்றும் ஃப்ரெஷ் க்ரீமை யாரும் தேடமாட்டார்கள். கேக்குக்கு? மேலே பூசாமலேயே சாப்பிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

தேங்காயிலும் கொழுப்பு உண்டு, என் வயதுக்காரர்கள் அளவோடுதான் ஊற்ற வேண்டும். ஆனால் என்ன ஊற்றுகிறோம் என்பது நமக்குத் தெரியும்.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். மேலட்டையை மட்டும் படித்துவிட்டு ஒரு கோப்பையும் அடுத்த மேசைக்கு அனுப்பியதில்லை. வயிற்றுக்குள் அனுப்புவதற்கு அந்த அக்கறையாவது வேண்டாமா?