காணிக்குள் போக அனுமதி இல்லையென்றால், காரணத்தை எழுத்தில் தாருங்கள்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஜூனில் வெளியேறிய மக்களில் ஒரு பகுதியினரின் காணிகளும் கோயில்களும் இன்றும் படையினர் வசம். அங்கே போக அனுமதி கேட்கும் முறை குறித்த எமது நிலைப்பாடு இது.

பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ போக விரும்புவோர் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கொடுக்கிறார்கள். வாயிலில் பட்டியல் பார்க்கப்படும். பெயர் இல்லாதவர் அர்ச்சனைத் தட்டோடு திரும்ப வேண்டியதுதான். பெயரை யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று அங்கே நிற்கும் சிப்பாயிடம் கேட்டுப் பயனில்லை. அவர் கையில் இருப்பது பட்டியல் மட்டுமே.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது பழகிய கதை. வெளியே போக 1995 வரை புலிகளிடம் பாஸ், அதன்பின் இராணுவத்திடம் கிளியரன்ஸ். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, கப்பலேறவும் அது வேண்டியிருந்தது. யார் கொடுத்தாலும் மறுப்புக்குக் காரணம் சொல்லும் வழக்கம் இருக்கவில்லை. 2025 ஏப்ரலில் திறந்தபோது பலாலி வீதியில்கூட நடந்து போகத் தடை, படமெடுக்கத் தடை இருந்தன.

காணி உரியவரிடம் திரும்ப வேண்டும். அனுமதி அதற்கு ஈடாகாது. அதுவரை, விண்ணப்பத்துக்குப் பற்றுச்சீட்டும் 14 நாளில் முடிவும் வேண்டும். மறுத்தவரே மேன்முறையீட்டையும் கேட்கக்கூடாது. அது மாவட்டச் செயலகத்தில் நடக்கட்டும். மிதிவெடி அகற்றாத நிலமா, விமான ஓடுபாதை அருகா, அதைச் சொல்லுங்கள், ஏற்போம். ‘பாதுகாப்புக் காரணம்’ என்ற இரண்டு சொல்லை ஏற்கமாட்டோம்.

சட்டமும் வெறுங்கையோடு விடவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மறுப்பின் காரணத்தைக் கேட்டால், அந்தத் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தகவலை மறுத்தால் அதற்கும் காரணம் தர வேண்டும். 5ஆம் பிரிவு தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்க இடம் கொடுக்கிறது. ஆனால் பொதுநலன் மேலோங்கும் இடத்தில் அந்த விலக்கு நிற்காது. அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரே மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள நாட்கள் கணக்கில் சேரா. எம்மவர் பலர் கோட்டை விடுவது இந்த ஒரு மாதத்தைத்தான்.

ஆகவே மறுக்கப்பட்டவர்கள் அன்றே திகதி, நேரம், எந்த வாயில், என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வையுங்கள். கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியோடு ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள்.