மையித்தின் கண்ணியமும் நீதியின் கடமையும்

குளிப்பாட்டி, கபனிட்டு, ஜனாஸா தொழுது, தாமதமின்றி நல்லடக்கம் செய்வது உயிருள்ளோர் மீது மையித்துக்குள்ள உரிமையாகும். இறந்தவரின் எலும்பை முறிப்பது, உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பான குற்றம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. எனவேதான், ஒருவர் விபத்திலோ ஐயத்துக்கிடமான நிலையிலோ மவுத்தாகி, பிரேத பரிசோதனை என்ற சொல் காதில் விழுந்ததும் நம் இல்லங்கள் பதறுகின்றன.

அப்பதற்றத்தைத் தணிக்கும் வழியொன்றை இன்றைய விஞ்ஞானம் காட்டுகிறது. உடலில் கத்தி வைக்காமல், சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு மரணத்தின் காரணத்தை ஆராயும் முறையை ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தார் 1990-களின் பிற்பகுதியில் உருவாக்கினர். இங்கிலாந்தில் முஸ்லிம், யூதக் குடும்பங்களின் வேண்டுகோளையொட்டி மரண விசாரணை அதிகாரிகள் பல வழக்குகளில் இதனை ஏற்கின்றனர். புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் 2021-இல் இவ்வசதி தொடங்கப்பட்டது.

எலும்பு முறிவு, உடலில் தங்கிய தோட்டா, மூளையின் இரத்தக்கசிவு ஆகியவற்றைப் படம் தெளிவாகக் காட்டும். ஆனால் நஞ்சு படத்தில் தெரியாது. அதற்கு இரத்தம் முதலியவற்றை எடுத்துச் சோதித்தாக வேண்டும். இதயத்தின் சில கோளாறுகளும் படத்துக்குத் தப்பிவிடக்கூடும். அத்தகைய நிலையில் அறுத்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லாது போகலாம்.

அப்போது மார்க்கம் என்ன சொல்கிறது? இறந்த கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தை உயிருடனிருந்து, அது பிழைக்குமென எதிர்பார்க்கப்பட்டால், வயிற்றைக் கீறி அதனை எடுக்கவேண்டுமென ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. மையித்தின் கண்ணியம் பெரிது. ஓர் உயிரின் உரிமை அதனினும் பெரிது. கொலையை வெளிப்படுத்துவதும், குற்றமற்றவரைப் பழியினின்று காப்பதும் அத்தகைய நிர்ப்பந்தமே என்று இக்காலச் சட்ட அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்துள்ளனர்.

ஆகவே, வாசக அன்பர்களே! புகுந்த வீட்டில் ஐயத்துக்கிடமாக இறந்த பெண்ணை, "மையித்தை வேதனைப்படுத்தலாகாது" என்று சொல்லி அவசரமாக அடக்கிவிடுவது மார்க்கப் பற்றன்று, அநீதிக்குத் துணைபோவதாகும். பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருமறையின் அன்னிஸா அத்தியாயம் நம்மைப் பணிக்கிறது.

படமெடுத்தே உண்மையை அறியக்கூடிய இடத்தில் அறுவையைத் தவிர்க்கும் வசதி மாவட்ட மருத்துவமனைகளுக்கும் வரவேண்டுமென அரசிடம் ஜமாஅத்துகள் முறைப்படி கோரட்டும். அறுவை இன்றியமையாதது என்று மருத்துவர் கூறுமிடத்தில் பொறுமையுடன் இணங்குவோம். இறந்தவரின் கண்ணியத்தையும் இருப்பவரின் உரிமையையும் ஒருங்கே பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.