கல்லில் நார் உரித்த கதை

உலோபியிடம் காசு பெறுவதைக் ‘கல்லில் நார் உரிப்பது’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். நடவாத காரியம் என்பது கருத்து. ஆயினும், கல்லில் நார் உரிக்கத்தான் செய்கிறார்கள். அதற்குக் கல்நார் என்றே பெயர். அஸ்பெஸ்டஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘அணைக்க முடியாதது’ என்பது பொருள். நெருப்புக்கு அஞ்சாது, உக்காது, கறையான் அரிக்காது, விலையும் மலிவு. இத்தகைய பொருள் ஏழையின் கூரைமேல் ஏறாதிருந்தாலன்றோ வியப்பு!

எங்கள் பளைப் பகுதியிலே தென்னைக்குக் குறைவில்லை. முன்னர் கிடுகு வேய்ந்த வீடுகளே எங்கும் காணப்பட்டன. ஆண்டுதோறும் வேய வேண்டுமே என்ற அலுப்பினால் ஓட்டையும் சீற்றையும் நாடினோம். 2009இல் யுத்தம் முடிந்து சனங்கள் மீண்டு வந்தபோது, இடிந்த வீடுகளின் சீற்றுத் துண்டுகள் வளவுகளிலே சிதறிக் கிடந்தன. முகமாலைப் பக்கத்திலே கண்ணிவெடி புதைந்த நிலத்துக்குச் சிவப்புப் பலகையும் மண்டையோட்டுப் படமும் நாட்டினார்கள், அது நியாயமே. நொறுங்கிய சீற்றுக்குப் பலகை நாட்டுவார் எவருமில்லை.

சீற்றிலே பெரும்பகுதி சீமெந்து; ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே கல்நார். கூரைமேல் முழுதாய்க் கிடக்கும் சீற்றைக் கண்டு வீட்டார் நடுங்க வேண்டியதில்லை. அதனை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதுமே ஆபத்து. அப்போது வெளிப்படும் நார், நீளவாக்கிற் பிளந்து பிளந்து மயிரினும் பன்மடங்கு நுண்ணியதாகி, மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று தங்குகிறது. உடலின் காவற் கலங்கள் அதனை விழுங்க முயன்று தாமே மடிகின்றன. அவ்விடம் வடுப்பட்டு, பஞ்சு போன்ற உறுப்பு இறுகிப்போகிறது. நுரையீரற் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றிய உறையிலே தோன்றும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோயும் இதனால் விளைவன. வெள்ளைக் கல்நார் தீங்கற்றது என்று வியாபாரிகள் கூறுவதுண்டு. எவ்வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைப்பதே என்பதுதான் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முடிவு. புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இந்நோயின் வஞ்சகம் அதன் தாமதத்தில் இருக்கிறது. 20, 30, 40 ஆண்டுகள்கூட அது மறைந்திருக்கும். 2010இல் கூரையேறிய இளைஞனுக்கு 2040இல் இளைப்புக் காணலாம். அன்று அறுத்த சீற்றை அப்போது எவர் நினைப்பார்?

இங்கிலாந்திலே ரொச்டேல் நகரத்து ஆலையொன்றிற் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷோ என்ற பெண்மணி, 1924இல், தமது 33ஆவது வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வைத்தியர் கூக், அதிலே கல்நார்த் துணிக்கைகளைக் கண்டு எழுதினார். 1931இல் பிரித்தானியா விதிகள் இயற்றியது. ஆனால் அவ்விதிகள் பெரும்பாலும் ஆலைக்குள்ளே வேலை செய்தோரையே காத்தன. ஆலையில் ஆன பொருளைக் கப்பலிலும் கட்டடத்திலும் அறுத்துப் பொருத்தியவர்களைக் காக்கவில்லை. வெள்ளைக் கல்நாருக்கும் அந்நாடு தடை விதித்தது 1999இலேதான்.

அதே ஓட்டை நம்மிடமும் உண்டு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தீங்கான தூசியைத் தொழிலாளர் சுவாசியாதபடி அகற்ற வேண்டும் என்று விதிக்கிறது. நல்ல விதி. ஆனால் மேசன் ஒருவர் நம் வளவிலே நின்று மின்வாளாற் சீற்றை அறுத்து வெண்புகை எழுப்பும்போது, அங்கு வந்து எட்டிப்பார்த்த பரிசோதகரை நாம் கண்டதில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டமும் முதலாளி ஒருவரைத் தேடும். இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று நாட்கூலிக்குப் போகிறவருக்கு முதலாளி யார்? இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல், கல்நார்த் தொழிலாளரின் சுகாதாரப் பதிவேட்டை வேலையில் அமர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகளேனும் பேணவேண்டும் என்று கட்டளையிட்டது. நோயின் இயல்பறிந்த தீர்ப்பு! நம் மேசனுக்கு நான்கு நாட்பதிவும் இல்லை.

இலங்கையிற் கல்நார்ச் சுரங்கம் கிடையாது. யாவும் இறக்குமதி, அதிலும் பெரும்பகுதி உருசியாவிலிருந்து. 2018 தொடக்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் எண்ணியிருந்தது. 2017 டிசம்பரிலே, தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகக் கூறி உருசியா நம் தேயிலையை நிறுத்திற்று. அரசாங்கம் கல்நார்த் தடையை ஒத்திவைத்தது. சில நாட்களில் தேயிலைக்கும் வழி திறந்தது. வண்டு எங்கே போயிற்றோ, நாமறியோம்.

சட்டம் வரும்வரை சில காரியங்கள் நம் கைக்குள்ளேயே உண்டு. கல்நார் கலவாத சீற்று விற்கிறார்கள், கேட்டு வாங்கலாம். பழையதை அறுக்க நேர்ந்தால் நன்றாக நனைத்து, கைவாளால் அறுக்கச் சொல்ல வேண்டும்; மின்வாள் ஆகாது. முகத்திற் கட்டும் சாதாரணத் துணி இந்நாரைத் தடுக்காது. பாசி பிடித்த கூரையைக் காய்ந்தபடி தேய்க்கலாகாது. உடைந்த துண்டுகளை நொறுக்கிப் பாதைப் பள்ளத்திற் போடாது, நனைத்துப் பையிற் கட்டி ஆழப் புதைப்பது மேல். வேலை செய்தவர் உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவும் கூடாது. 1965இல் வெளியான லண்டன் ஆய்வொன்றிலே, ஆலைப் பக்கமே போகாமல், கல்நார்த் தொழிலாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததனாலேயே மீசோதீலியோமா கண்டவர்களும் இருந்தனர்.