18 முடிந்த மறுநாள்

சென்னை சென்ட்ரலில் 16 வயதுப் பையன் தனியாக இறங்கினால், இன்று அவனை விசாரிக்க ஆள் உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படை நிறுத்திக் கேட்கும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் போகும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் அவனைக் கொண்டுவர வேண்டும். அதே நடைமேடையில் 18 முடிந்தவன் இறங்கினால் வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் மட்டும்தான் கேட்கிறான்: “சாப்பிட்டியா தம்பி?”

ஒரு பிரியாணிப் பொட்டலம், போனுக்குச் சார்ஜ், இரவு படுக்க இடம். ரூம் போட வேண்டுமென்று வாங்கிய ஆதார் அட்டை திரும்பி வராது. ஊருக்கு அனுப்பிய சில ஆயிரம் முன்பணக் கணக்கில் ஏறும். பிறகு போர்வெல் லாரியோ, வடக்கே முறுக்குக் கம்பெனியோ, கணக்கு தீரவே தீராது. புகார் கொடுக்கப் போனால், “விரும்பித்தானே போனான்?” என்பார்கள். ஏமாற்றியோ ஆசை காட்டியோ சுரண்டலுக்குக் கொண்டுபோயிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 143-ஆம் பிரிவின்படி அவன் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கோ வயது வரம்பே கிடையாது. புகார் மனுவில் இந்த இரண்டு சட்டங்களையும் எழுதுங்கள்.

நம் குழந்தைகள் இல்லங்களிலிருந்தே வெளியேறுகிறவர்களின் நிலை இன்னும் சங்கடமானது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு அவர்களுக்குப் பிற்காப்பு உதவிக்கு வழி செய்கிறது. 2016 மாதிரி விதிகள் அதை 21 வயது வரை, விதிவிலக்காக 23 வரை நீட்டுகின்றன; ஆறிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடுகளைப் பற்றியும் பேசுகின்றன. கோப்பைத் திறந்தால் இருப்பதோ ஒரே வரி: ‘உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டார்.’ எந்த உறவினர்? முன்பு அடிக்குப் பயந்து ஓடிவந்த அதே வீடுதானா? பதில் இருக்காது. கேக் வெட்டி, புதுப் பை கொடுத்து வழியனுப்பும் இல்லங்களும் உண்டு. கேக் என்னவோ நல்ல கேக்தான்.

பெண்களுக்கு 181 உதவி எண்ணும் சக்தி சதன் இல்லங்களும் போதாதவையென்றாலும் இருக்கின்றன. பையன்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் மாநகராட்சிக் காப்பகம்தான்.

இதற்குத் தீர்வாகச் சொல்லப்படும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. ஏஜென்ட் ஏமாற்றுவான் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியும். இன்றிரவு படுக்க வேறு இடமில்லாததால் போகிறார்கள்.

நன்னடத்தை அலுவலர்களே, இல்லக் கண்காணிப்பாளர்களே, அடுத்த ஆறு மாதங்களில் 18 நிறைவடைவோர் பட்டியலை இந்த வாரமே எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வெளியேறும் அன்று இரவு தங்கப்போகும் முகவரியை எழுதி, நேரில் போய்ப் பாருங்கள். முகவரி எழுத முடியாத பெயர்களுக்குப் பிற்காப்பு மனுவை உடனே போடுங்கள்.