மணி என்ன?

வியாதிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, திடீரென்று வந்து, வீட்டைத் தலைகீழாக்கி, பத்து நாளில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிற வியாதி. இதற்கு நல்ல மரியாதை. பந்துக்கள் ரயிலேறி வருகிறார்கள். சாத்துக்குடி கட்டிலடியில் குவிகிறது. அடுத்த வீட்டுக்காரர்கூடத் தமது தொலைக்காட்சிப் பெட்டியின் குரலைக் கொஞ்சம் தணிக்கிறார். மற்றொன்று, மெள்ள வந்து, திண்ணையில் உட்கார்ந்த விருந்தாளியைப் போல் எழுந்து போக மனமில்லாமல் தங்கிவிடுகிற வியாதி. முதல் வாரம் சாத்துக்குடி, முதல் மாதம் விசாரணை, மூன்றாவது மாதத்தில், "இன்னுமா சரியாகவில்லை?" என்ற ஒரே ஒரு கேள்வி. இதற்கு நோயாளி என்ன பதில் சொல்வார், பாவம்! ஏதோ தாமே செய்த குற்றம் போலத் தலையைக் குனிந்துகொள்கிறார்.

நாம் இந்த வாரம் எழுத எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது ஜாதியைப் பற்றித்தான். அதிலும் மருந்தைப் பற்றி அல்ல. ஒரு வேளை மருந்துக்கும் மறு வேளை மருந்துக்கும் நடுவில் கிடக்கிற நேரத்தைப் பற்றி.

ஒரு காலத்தில் காசநோய் கண்டவர்கள் வீட்டை விட்டுப் போய், சானடோரியத்தில் மாதக் கணக்காகப் படுத்திருக்க வேண்டியிருந்தது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் ஸ்தாபித்த சானடோரியத்தின் பெயரை அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. 1956-ல் சென்னையில் ஒரு பரீட்சை ஆரம்பமாயிற்று. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியாரை அவரவர் குடிசையிலுமாக வைத்து, ஓர் ஆண்டு காலம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல உணவும், காற்றும், ஓய்வும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கே அதிகம். ஆனாலும் 1959-ல் வெளியான முடிவு உலகத்து வைத்தியர்களை மூக்கின்மேல் விரலை வைக்கச் செய்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் வைத்துக்கொண்டதனால் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகப் பரவிவிடவும் இல்லை. இன்று எத்தனையோ தேசங்களில் காசநோயாளி தம் சொந்த வீட்டில் இருந்துகொண்டே மருந்து சாப்பிடுகிறார் என்றால், அதற்கு நமது சென்னை வழி காட்டியது.

வெகு நல்ல காரியம். ஆனால் இதனால் ஒரு பொறுப்பும் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சானடோரியத்தில் நோயாளிக்கு நோயாளி துணை. வீட்டிலோ, காலை ஒன்பது மணிக்குக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்கள் உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள். பிறகு சாயங்காலம் வரையில் நோயாளியும் சுவர்க் கடிகாரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காசநோய் ஆனாலும் சரி, பக்கவாதம் ஆனாலும் சரி, மூட்டுவாதம் ஆனாலும் சரி, கதை ஒன்றேதான்.

நமக்கு வாய்த்தது சிக்குன்குனியா. 1952-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்று டான்ஸானியா என்று வழங்கும் தேசத்தில், முதன் முதலாகக் கண்டறியப்பட்ட ஜுரம் இது. 1960-களில் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் விஜயம் செய்து, பிறகு நெடுங்காலம் மறைந்திருந்து, 2005-லும் 2006-லும் தேசமெங்கும் மறுபடி கிளம்பிற்று. 'வளைந்து போதல்' என்பது அந்த ஆப்பிரிக்கப் பெயருக்குப் பொருளாம். பெயர் வைத்தவர் அனுபவசாலி என்பதில் ஐயமில்லை! பகலில் கடிக்கும் ஒரு கொசுவின் உபயம். ஜுரம் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூட்டு வலி மாதக் கணக்கில் நின்றுவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட விரல் வளையவில்லை. கரும்பலகையில் எழுதுவது எங்கே? பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்குச் சமீபத்திலுள்ள நமது வீட்டில் சாய்வு நாற்காலியே கதி என்று கிடந்தோம்.

இந்த நிலைமையில் நமது பழைய மாணவன் ஒருவன், அம்மா மண்டபம் படித்துறைக்கு அருகில் கண்டெடுத்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். "சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வெச்சுக்குங்க சார். நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிடறேன்" என்றான். அந்த 'நாளை' இன்றளவும் வரவில்லை.

"ஏம்ப்பா, உன்னைத் தூக்கி நிறுத்தவே ரெண்டு ஆள் வேணும். உனக்கு ஒரு நாயா?" என்றார் நமது தாயார். நியாயமான கேள்விதான். வாசற் கோலத்தின் கதி என்ன ஆகும் என்று நமது இல்லத்தரசி கவலைப்பட்டாள். கோலத்தின் கதி அவள் அஞ்சியபடியே ஆயிற்று.

தமிழ்நாட்டு வழக்கத்தை அனுசரித்து, நாய்க்கு மணி என்று பெயர் வைத்தோம். பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஐந்தரை மணிக்கு நம் போர்வையை இழுக்கும். பத்து மணிக்குத் தண்ணீர்க் கிண்ணத்தை உருட்டும். மாலை நாலு மணிக்கு வாசற்படியில் நின்று நம் முகத்தையே பார்க்கும். கடிகாரம் நேரத்தைக் காட்டியதே தவிர, நம்மை ஒன்றும் கேட்கவில்லை. மணி கேட்டது. வீட்டில் அத்தனை பேரும், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று நம்மை விசாரித்துக்கொண்டிருக்க, "எனக்கு இது வேண்டும், எழுந்திரு" என்று சொன்ன ஜீவன் அது ஒன்றுதான்.

விரல்களை மடக்கி நீட்டிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழகினால் வலித்தது. மணிக்குத் தயிர்ச்சாதம் பிசைந்தபோதும் அதே வலிதான். ஆனால் பிசையாமல் இருக்க முடியவில்லை. முதல் வாரம் வாசற்படி. மூன்றாவது வாரம் தெருக்கோடி. இரண்டாவது மாதம், 1987-ல் 236 அடி உயரத்துக்குக் கட்டி முடிக்கப்பட்ட ராஜகோபுரம் வரையில் போய்த் திரும்பினோம். காவேரிக்கு அக்கரையில் உச்சிப்பிள்ளையார், "இங்கே எப்போது வருவாய்?" என்று கேட்பது போல் இருந்தது. நானூற்றுச் சொச்சம் படிகளுக்கு மட்டும் தவணை வாங்கிக்கொண்டோம்.

இது நமது சொந்தக் கற்பனை அல்ல. செவிலித் தொழிலுக்கு இலக்கணம் வகுத்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே, நாட்பட்ட நோயாளிக்குச் சிறு பிராணி ஒன்று நல்ல துணையாகும் என்று சொல்லியிருக்கிறார். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்றையும் சேர்த்திருக்கிறார். பிராணிக்கு உணவிடுவதையும் அதன் இடத்தைச் சுத்தம் செய்வதையும் நோயாளியால் செய்ய முடியுமானால், அவரையே செய்யும்படி ஊக்க வேண்டும் என்பது அது. கிரிமியா யுத்தத்திலிருந்து திரும்பிய பிறகு அம்மையார் தாமே நீண்ட நாள் நோயாளியாகிப் பல வருஷங்கள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். பூனைகள் சூழ இருந்துகொண்டே, கண்ணால் பார்த்திராத நமது தேசத்தின் சுகாதாரத்தைப் பற்றிக் கட்டுக் கட்டாக எழுதினார்.

1980-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு கணக்கு வந்தது. இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்தார்கள். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் இறந்தவர்கள் 3 பேர். வளர்க்காத 39 பேரில் இறந்தவர்கள் 11 பேர். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு நாய் வாங்கப் புறப்பட்டுவிட வேண்டாம். பின்னால் நடந்த ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. நாய் மருந்தாகாது. மருந்து சாப்பிடுவதற்கு ஒரு காரணமாகலாம், அவ்வளவே.

மனித வைத்தியம் இருக்கட்டும். நமது பெரிய பெருமாளைப் பாருங்கள். யுகக் கணக்காகப் பள்ளிகொண்டிருக்கிறார். அவருக்கு நோய் இல்லை, யோக நித்திரை. ஆயினும் ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை விசுவரூப தரிசனத்தில், அவர் திருமுன்பு பசுவும் யானையும் வந்து நிற்கின்றன. உலகத்து மனிதர்களின் விண்ணப்பங்களைக் கேட்கத் தொடங்குமுன் வாயில்லா ஜீவன்களின் முகத்தில் விழிக்க வேண்டும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்த பெரியோர்கள், படுத்திருப்பவர்களின் மனசை அறிந்தவர்களோ என்று நமக்குத் தோன்றுகிறது.

நாம் அறிந்த ஒரு வீடு கொள்ளிடக் கரைப் பக்கம் இருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து படுத்தார். கொல்லையில் ஒரு பசு உண்டு. படுத்த இடத்திலிருந்தே பாட்டி, "பசுவுக்குத் தண்ணி காட்டியாச்சா? வைக்கோல் போட்டாச்சா? கன்னை அவிழ்த்து விட்டீங்களா?" என்று நாளெல்லாம் அதிகாரம் செய்வார். சொன்னால் கேட்கிறார்களா என்று கோபித்துக்கொள்வார். பிள்ளைகள் தங்கமானவர்கள். "அம்மாவுக்கு எதற்கு இந்தக் கவலை?" என்று ஆலோசித்து, ஒரு நாள் பசுவையும் கன்றையும் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அவர் எதையும் விசாரிக்கவும் இல்லை. வேளைக்குக் கஞ்சி வந்தது. வேளைக்கு மருந்து வந்தது. பணிவிடையில் ஒரு குறையும் கிடையாது. கேட்பதற்குத்தான் அவரிடம் ஒரு கேள்வியும் மிஞ்சவில்லை.

நோயாளியின் பாரத்தைக் குறைக்கிறோம் என்று நாம் செய்கிற உபகாரங்களில் இப்படியும் சில உண்டு. சாவிக் கொத்தை வாங்கி வைத்துக்கொள்கிறோம். பால் கணக்கை வாங்கிக்கொள்கிறோம். "நீங்கள் நிம்மதியாகப் படுத்திருங்கள்" என்கிறோம். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதும், தம்மால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை என்பதும் நோயாளியின் காதில் ஒரே மாதிரிதான் விழுகின்றன.

ஆகவே பிராணி வளர்ப்பது நல்லதுதான். ஆனால் சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். நாயோ பூனையோ, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாக வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது. நோயாளிக்கு முடியாத நாளில் யார் சோறு வைப்பது என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நோயாளி குணமடைந்த பிறகு, "வேலை முடிந்தது" என்று பழைய படித்துறையில் கொண்டுபோய் விட்டுவிடுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத நமக்குப் பேனா கூசுகிறது.

கிளி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காடு மூடிக் கிடந்த அரங்கன் கோயிலைக் கிளி சொன்ன சுலோகத்தைக் கேட்டுச் சோழ அரசன் ஒருவன் கண்டுபிடித்தான் என்பது தல புராணம். கிளிச்சோழன் என்று அவனுக்குப் பெயர். கோயிலில் கிளி மண்டபமும் இருக்கிறது. அந்தக் கிளி மரத்தில் இருந்த கிளி, கூண்டில் இருந்ததன்று. நமது பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பது எப்படி இருக்கும் என்று நோயாளியைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஜன்னலில் ஒரு பிடி சோறும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்தால் காகமும் அணிலும் தாமாகவே வருகின்றன. விருப்பமானபோது திரும்பிப் போகவும் அவற்றுக்குச் சுதந்திரம் உண்டு.

இந்தக் கணக்கில் வரவு மட்டும் எழுதினால் போதாது. மனிதனின் ஆயுளில் நாயின் ஆயுள் ஒரு சிறு பகுதி. நம் அருகில் உட்கார்ந்திருந்த ஜீவனின் அருகில் நாம் உட்கார வேண்டிய நாளும் வரும். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்துக்கு 1926-ல் கன்றாக வந்த லட்சுமி என்ற பசு, 1948 ஜூன் 18-ஆம் தேதி கண்ணை மூடிற்று. அன்று மகரிஷி அதன் பக்கத்தில் அமர்ந்து, தலையைத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தார். லட்சுமிக்கும், ஒரு மானுக்கும், ஒரு நாய்க்கும், ஒரு காக்கைக்கும் ஆசிரமத்தில் சமாதிகள் எழுப்பியிருக்கிறார்கள். பிறகு மகரிஷிக்குக் கையில் கட்டி கண்டு, பல தடவை சத்திர சிகிச்சை நடந்து, 1950 ஏப்ரல் 14-ல் அவரும் மறைந்தார்.

நேயர்கள் அனைவரும் நாய் வளர்க்கத்தான் வேண்டும் என்று நாம் வாதிக்க வரவில்லை. மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் உண்டு. ரோமத்தைக் கண்டாலே தும்முகிறவர்கள் உண்டு. ஒரு துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்புக்கூடப் போதும். நாட்பட்ட நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் சாத்துக்குடி வாங்கிப் போகட்டும். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கட்டும். அதோடு, "எங்கள் பையனுக்குக் கணக்கு வரவில்லை, வாரத்தில் இரண்டு நாள் வந்து உங்கள் கட்டில் பக்கத்தில் உட்காரட்டுமா?" என்று ஒரு காரியத்தையும் கேட்டுவிட்டு வரட்டும். மறு நாள் காலையில் அந்த நோயாளி மணி என்ன என்று கேட்பார். பையன் வர இன்னும் எத்தனை நேரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக.