டிரேலருக்கும் பிரேக் லைட் வேண்டும்

தைப்பூசம் நெருங்கினால் சுங்கை பட்டாணி சாலைகளின் முகமே மாறிவிடும். கேனோபிக் கம்பிகள், அன்னதான அண்டாக்கள், ஜெனரேட்டர், தண்ணீர்ப் பந்தலுக்கு மேசை நாற்காலிகள் என்று எல்லாம் ஏதோ ஒரு வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போகும். முன்பு இதற்கெல்லாம் லோரிதான். இப்போது கேட்டரிங், கேனோபி வாடகை, ஒலிபெருக்கி என்று சிறுதொழில் செய்யும் நம்மவர்கள் சிலர் சொந்தமாகவே சின்ன டிரேலர் வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வாடகை கொடுத்து மாளாது.

டிரேலர் வந்ததும் அடுத்த கேள்வி வரும். "டோ பாரையும் லைட் வயரிங்கையும் வீட்டிலேயே போட்டுக்கலாமா?" என் பதில் இதுதான்: இரும்பு வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வயரிங்கைப் பொறுமை உள்ளவர் வீட்டில் செய்யலாம். ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஜேபிஜே அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1987ஆம் ஆண்டு சாலை போக்குவரத்துச் சட்டத்தின்படி, இழுத்துச் செல்லப்படும் வண்டியும் மோட்டார் வாகனம்தான். "அதில் எஞ்சின் இல்லையே" என்ற வாதம் எடுபடாது. பதிவு, சோதனை, டோ பாருக்கான அனுமதி ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணத்தைச் செலவழியுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள்.

பீடோங் பக்கம் என் மாமா ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் பல வருடம் டிராக்டர் ஓட்டியவர். தோட்டத்தை விட்டு தாமான் வீட்டுக்கு வந்த பிறகு கேனோபி வாடகைத் தொழில் செய்கிறார். அண்மையில் டிரேலர் ஒன்றை வாங்கி, இணையத்தில் லைட் செட்டையும் வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே பொருத்திவிட்டார். "வந்து பாரு பாப்பா, எல்லாம் எரியுது" என்று பெருமையாகக் கூப்பிட்டார்.

பின்னால் போய் நின்றேன். இடது சிக்னல் எரிந்தது. வலது சிக்னல் எரிந்தது. டெயில் லைட்டும் எரிந்தது.

"பிரேக்கை மிதிங்க மாமா."

"மிதிச்சிட்டுதானே இருக்கேன்!"

டிரேலரில் ஒரு மாற்றமும் இல்லை. ஹைலக்ஸின் பிரேக் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நடுவில் நின்ற டிரேலர் அதை முழுக்க மறைத்துவிட்டது.

வேலையில் குறை இல்லை. வயர்கள் சுத்தமாக முறுக்கப்பட்டு, டேப் சுற்றப்பட்டிருந்தன. சிக்கல் வேறு இடத்தில். மாமா வாங்கியது அமெரிக்க முறை லைட் செட். அதில் நான்கே வயர்கள்: வெள்ளை எர்த், பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். பிரேக்குக்கென்று தனி வயர் கிடையாது. அங்கே பல வண்டிகளில் ஒரே சிவப்பு பல்புதான் பிரேக்குக்கும் சிக்னலுக்கும். நம் ஊர் வண்டிகளிலோ சிக்னல் தனி, பிரேக் தனி. நம் வண்டியின் சிக்னல் வயரை எடுத்து அந்த மஞ்சளிலும் பச்சையிலும் கொடுத்தால் சிக்னல் அழகாக மின்னும். பிரேக் செய்தி மட்டும் டிரேலருக்குப் போய்ச் சேரவே சேராது. எல்லாம் எரிவதுபோல் தெரிவதால் யாருக்கும் சந்தேகமும் வராது. இதில் ஆபத்தே அதுதான்.

சாலையில் இதை நினைத்துப் பாருங்கள். குரூண் பக்கமிருந்து இருட்டில் வருகிறீர்கள். முன்னால் மாடு குறுக்கே வருகிறது, பிரேக் போடுகிறீர்கள். பின்னால் கப்சாயில் வருகிறவர் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர். அவருக்கு உங்கள் பிரேக் தெரியாது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். டிரேலர் லைட் நமக்காக அல்ல, அவருக்காக.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி. பிரேக்கையும் சிக்னலையும் சேர்த்து அந்த இரண்டு வயர்களில் அனுப்பும். இன்னொன்று, ஏழு முனை பிளக்கும் அதற்கேற்ற லைட்டுகளும். பழைய ஐரோப்பிய முறை ஏழு முனையில் மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிரேக், கறுப்பு இடது டெயில், பழுப்பு வலது டெயில், நீலம் பனிமூட்ட லைட், வெள்ளை எர்த். மாமா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். சில தயாரிப்பாளர்கள் தங்கள் இஷ்டத்துக்கு நிறம் போடுகிறார்கள். டெஸ்ட் லைட்டை வைத்து ஒவ்வொரு வயரையும் பார்த்து, பேப்பரில் எழுதிக்கொண்டு பிறகு இணையுங்கள்.

அடுத்து எர்த். டிரேலர் லைட் "பேய் பிடித்த மாதிரி" எரிகிறது என்றால் முதலில் வெள்ளை வயரைப் பாருங்கள். இடது சிக்னல் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கும். எர்த் அறுந்ததால் மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி மற்ற பல்புகள் வழியாக நுழைகிறது. டோ பார் குண்டின் இரும்பே எர்த் கொடுத்துவிடும் என்று விட்டுவிட வேண்டாம். கிரீசும் துருவும் சேர்ந்தால் அந்தத் தொடர்பு வந்து வந்து போகும். வண்டியிலிருந்து டிரேலர் வரைக்கும் வெள்ளை வயர் நேராக வர வேண்டும். கடைசியில் பெயின்ட் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். நம் மழைக்கு வெறும் டேப் தாங்காது. சூட்டில் சுருங்கும் டியூப் போடுங்கள்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 21 வாட் பிரேக் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டு என்றால் 3.5. வண்டியின் வயரும் பியூசும் தன் சொந்த லைட்டுகளுக்காக அமைந்தவை. இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டிதான் லைட்டை இயக்குகிறது. அதன் வயரை வெட்டி நேரடியாகச் சேர்த்தால் அந்தப் பெட்டியே பழுதாகலாம். பேட்டரியிலிருந்து தனி பியூஸ் வழியாக மின்சாரம் எடுத்து, வண்டி லைட்டிலிருந்து செய்தியை மட்டும் வாங்கிக்கொள்ளும் மாடூல் கடைகளில் இருக்கிறது. எல்இடி லைட் போட்டால் சுமை இன்னும் குறையும்.

இரும்பு வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியது, டோ பாரை பம்பரில் மாட்டக் கூடாது என்பது. சேசிஸில் அதற்கென்று உள்ள துளைகளில், சரியான அளவு முறுக்கில் போல்ட் இறுக வேண்டும். குண்டின் அளவையும் பாருங்கள். 50 மில்லிமீட்டர் ஒன்று, 2 அங்குலம் என்றால் 50.8, ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கும் அரைக்கால் அங்குலம் கூடுதல் என்றால் 47.6. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான். ஆனால் 50க்கு செய்த கப்ளரில் 47.6 குண்டைப் பொருத்தினால் மேட்டில் ஏறி இறங்கும்போது தூக்கிக்கொண்டு வந்துவிடும். அளவு குண்டின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் முனை தரையில் விழாமல் சங்கிலி தாங்கும்.

சுமை ஏற்றும்போது கனமான பொருளை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குண்டின் மேல் இருக்க வேண்டும். 600 கிலோ என்றால் 60 கிலோ. பின்னால் கனத்தால் டிரேலர் வால் ஆட்டும். வேகத்தில் அந்த ஆட்டத்தை அடக்க முடியாது.

"தோட்டத்துல டிரேலருக்கு லைட்டே கிடையாது. நாங்க ஓட்டலையா?" என்று மாமா கேட்டார். உண்மைதான். ரப்பர் பாலும் செம்பனைக் குலையும் ஏற்றிச் சென்ற அந்த டிரேலர்களில் பகலில், செம்மண் சாலையில், மெதுவாகப் போனார்கள். எதிரே வருகிறவர் யார் என்று ஓட்டுநருக்குத் தெரியும். இன்று அதே கையோடு நெடுஞ்சாலைக்கு வந்திருக்கிறோம். பின்னால் வருகிறவரை நமக்குத் தெரியாது, அவருக்கும் நம்மைத் தெரியாது. நடுவில் பேசுவது அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான்.

கிளம்பும் முன் இருவராகச் சோதியுங்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில், ஒருவர் பின்னால். இடது, வலது, டெயில், பிரேக். பிறகு பிரேக்கை மிதித்தபடியே சிக்னல், டெயில் லைட்டோடு பிரேக். இரண்டு நிமிடம்கூட ஆகாது. பின்னால் நிற்பவர் "சரி" என்று சத்தமாகச் சொன்ன பிறகு வண்டியை எடுங்கள்.